மோந்து பாக்கக் காசு இல்ல

ஷர்லிக்கு வந்தது சாதாரணப் பொறாமை இல்ல. காலையில பல்லு விளக்கும்போதே ஆரம்பிச்சுரும். அந்த வீடியோ வந்து இருபத்தி மூணு நாளாச்சு, இருபத்தி மூணு நாளும் தவறாம அதைப் பாத்துட்டா. பாக்கவே கூடாதுன்னுதான் போனைக் கவுத்து வைப்பா. அஞ்சு நிமிஷம் ஆகாது, கை தானா அங்கிட்டுப் போயிரும்.

வீடியோவுல பெரிசா ஒண்ணும் இல்ல. ஊர் ஊராப் போயித் தின்னு காட்டுற தம்பி ஒருத்தன், கையில மைக்கு. எதிர்ல சந்தனமேரி, அம்பத்தஞ்சு வயசு, மஞ்சச் சேலை, பின்னாடி வலையில காயுற கருவாடு. "நாத்தம் புடிச்ச தொழில்னு யாராச்சும் சொன்னா கோவம் வராதாக்கா?"ன்னு அவன் கேக்குறான். சந்தனமேரி சிரிக்கிறா. "ஒரு தடவை அறந்தாங்கி பஸ்ஸுல ஒரு வெள்ளச் சட்டைக்காரரு மூக்கப் பொத்திக்கிட்டு, இதுகளையெல்லாம் எதுக்குய்யா ஏத்துறேன்னு கண்டக்டரைப் புடிச்சுச் சத்தம் போட்டாரு தம்பி. நான் சொன்னேன், மோந்து பாக்கக் காசு இல்லைய்யா, திங்கத்தான் காசுன்னு. பஸ்ஸே சிரிச்சுருச்சு."

நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்க. துபாய்ல இருந்தெல்லாம் கருவாடு கேட்டு எழுதியிருந்தாங்க. பத்து நாள்ல அந்த வாசகம் பாக்கெட்டு மேலயே ஏறிருச்சு. 'மோந்து பாக்கக் காசு இல்ல, திங்கத்தான் காசு.' கீழ சந்தனமேரி சிரிச்ச மொகம்.

'நான் சொன்னேன்'. இந்த ரெண்டே ரெண்டு வார்த்தையிலதான் ஷர்லிக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. யாரு சொன்னா? சந்தனமேரியா சொன்னா? சொன்னது ஷர்லியோட அம்மா ஆரோக்கியம்மாள். செத்து ஏழு வருஷம் ஆகுது, கோட்டைப்பட்டினத்துலேர்ந்து கூடை சுமந்து கருவாடு வித்து மகளைப் படிக்க வச்ச மனுஷி. அந்தக் கதையை வகுப்புல சொன்னது ஷர்லி. உக்காந்து கேட்டது சந்தனமேரி. கேட்டதைத் தூக்கித் தன் வாயில போட்டுக்கிட்டா. எவ்வளவு தைரியம் இருக்கணும்!

ஷர்லியோட தொழிலே அதுதான், அடுத்தவங்களைப் பேச வைக்கிறது. திருச்சியில ஒரு லோக்கல் சேனல்ல பதினோரு வருஷம் செய்தி எழுதிட்டு, வீட்டுக்காரரு பிராங்க்ளினுக்குப் புதுக்கோட்டையில பள்ளிக்கூட வேலை அமைஞ்சதும் இங்கிட்டு வந்தா. கீழராஜவீதியில ஒரு ஜெராக்ஸ் கடை மாடியை வாடகைக்குப் புடிச்சு, 'நல்முகம் மக்கள் தொடர்புப் பயிற்சி'ன்னு போர்டு மாட்டுனா. பதினஞ்சு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக்கு, ஒரு சவுண்டு பாக்ஸ். ஆறு வருஷமா அதுதான் அவ உலகம்.

யாரு வருவாங்கன்னா, பொருளை நல்லாச் செஞ்சுட்டு அதைப் பத்தி நாலு வார்த்தை பேசத் தெரியாம முழிக்கிறவங்க. அன்னவாசல்லேர்ந்து தேன் விக்கிற நாகராசு வந்தான். மைக்கைக் கண்டா அவனுக்கு வேர்த்துக் கொட்டும். கீரமங்கலத்துலேர்ந்து பூ மாலை கட்டி வெளியூருக்கு அனுப்புற செங்கமலம் வந்துச்சு. போன்ல எவனாச்சும் கோவமாப் பேசினா அதுக்கு அழுகை வந்துரும். பத்திரிகைக்காரங்க கேட்டா என்ன சொல்லணும், கண்காட்சியில கடை போட்டா எங்க நிக்கணும், பொருள் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் பேஸ்புக்ல எழுதிட்டா எப்படிப் பதில் போடணும், எல்லாம் சொல்லித் தருவா. சொல்லிக் குடுக்குறதோட விட மாட்டா. கூடவே போயி ஸ்டால்ல நிப்பா, அவங்களுக்காக நிருபர்களுக்குப் போன் போடுவா, நோட்டீசுக்கு வாசகம் எழுதுவா. பேப்பர்ல படம் வரும். படத்துல நாகராசு இருப்பான், செங்கமலம் இருக்கும். போட்டோ எடுத்தவனுக்குப் பக்கத்துல நின்னு "சிரிங்க, சிரிங்க"ன்னு சொன்ன ஷர்லி இருக்க மாட்டா.

அதுல அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாதுன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லுவா. அவளே அதை நம்பிக்கிட்டும் இருந்தா.

அவ பாடத்துல முக்கியமானது மூணு நிமிஷக் கணக்கு. "மொத நிமிஷம், என்ன செய்யிறோம். ரெண்டாவது நிமிஷம், நமக்கு என்ன நடந்துச்சு. மூணாவது நிமிஷம், வெளிய சொல்லக் கூச்சப்படுற ஒண்ணு. அந்த மூணாவது இல்லைன்னா நீங்க பண்றது வெறும் விளம்பரம். அதைச் சொன்னாத்தான் ஜனம் நம்பும்." இப்படிச் சொல்லிட்டு, மாதிரிக்குத் தன் அம்மா கதையை எடுத்து விடுவா. அம்மா கூடை, திங்கக்கிழமை காலை பஸ், கடைசி சீட்டு, வெள்ளச் சட்டைக்காரரு, அந்த ஒரு வாசகம். அப்புறம் அம்மா எப்பவும் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிருவா, அங்கதான் அவளுக்கு மொதப் போணின்னு ஒரு சின்ன விவரம். கடைசியில குரலைத் தாழ்த்தி, "கருவாட்டுக்காரி மகள்னு சொல்லிக்க நான் ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல"ன்னு முடிப்பா. ஆறு வருஷத்துல ஒரு வகுப்பும் கை தட்டாம இருந்ததில்ல.

எட்டு மாசத்துக்கு முந்தி சந்தனமேரி வந்த வகுப்புலயும் அப்படித்தான் தட்டுனாங்க. தட்டி முடிச்சதும் பின் வரிசையிலேர்ந்து அந்தப் பொம்பளை மெல்லக் கேட்டுச்சு:

"எல்லாம் சரி டீச்சர். அந்த மூணாவது நிமிஷம் எங்க?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஷர்லிக்குச் சுருக்குன்னு தச்சுச்சு. "அதான்க்கா சொன்னேனே, கடைசியில"ன்னு சமாளிச்சுட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிட்டா. அன்னைக்கே அந்தப் பொம்பளை மேல ஒரு கசப்பு ஒட்டிக்கிச்சு.

இத்தனைக்கும் சந்தனமேரி வகுப்புல ஒண்ணும் சாதிக்கல. எழுப்பி விட்டா நிப்பா, சிரிப்பா, "எனக்குப் பேச வரல டீச்சர்"னுட்டு உக்காந்துருவா. வாரா வாரம் வருவா, ஷர்லியவே பாத்துக்கிட்டு இருப்பா, போயிருவா. பாவமேன்னு ஷர்லிதான் அவளுக்காக ஓடுனா. பாக்கெட்டு டிசைன் பண்ண ஆளு புடிச்சுக் குடுத்தா. புதுக்கோட்டையில நாலு கடையில சரக்கு வைக்கப் பேசுனா. ஏன், வீடியோ எடுத்த அந்தத் தம்பியோட நம்பரைக் குடுத்து அவனை அங்க அனுப்பி வச்சதே ஷர்லிதான்! அதை நெனைக்கும்போதெல்லாம் தன் தலையிலயே ரெண்டு போடணும் போல இருக்கும் அவளுக்கு.

வீடியோ வந்த மறுநாளே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புல நாகராசு கேட்டுட்டான்: 'டீச்சர், இது உங்க அம்மா கதையாச்சே?' ஷர்லி பதில் போடல. சந்தனமேரியும் போடல. ரெண்டு பேரும் பாத்துட்டாங்கன்னு நீலக் கோடு மட்டும் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஷர்லி செஞ்ச கூத்தெல்லாம் வெளிய சொன்னா அவளுக்கே சிரிப்பு வரும். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பால் வாங்கப் போனா, கருவாட்டுப் பாக்கெட்டு அடுக்கியிருக்கிற தட்டுக்கு முன்னாடி நிப்பா. சுத்தி முத்திப் பாப்பா. ஒவ்வொரு பாக்கெட்டாத் திருப்பி, வாசகமும் சிரிச்ச மொகமும் செவுத்தைப் பாக்குற மாதிரி வச்சுட்டு வந்துருவா. நாலு கடையில இதையே பண்ணா. ஒரு கடைப் பொண்ணு, "மேடம், எக்ஸ்பைரி தேதி பாக்குறீங்களா?"ன்னு கேட்டதுக்கு, "ஆமாமா"ன்னு தலையாட்டிட்டு நடையைக் கட்டுனா. நாப்பத்தி நாலு வயசுப் பொம்பளை செய்யிற வேலையா அது?

ஒரு வாரப் பத்திரிகையில பேட்டி வந்துச்சு. 'இவ்வளவு அழகாகப் பேச எங்கே கற்றுக்கொண்டீர்கள்?'ன்னு கேள்வி. சந்தனமேரி பதில்: 'பஸ்ஸுலதான்.' ஷர்லி மறுபடி மறுபடி படிச்சா. நல்முகம் இல்ல, ஷர்லி இல்ல, கீழராஜவீதி இல்ல. பஸ்ஸுலதானாம்!

"பாத்தீங்களாங்க? எட்டு மாசமா நாய் மாதிரி ஓடியிருக்கேன், எம் பேரைச் சொல்ல வாய் வரல அவளுக்கு!"

பிராங்க்ளின் பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரு. எதுக்கும் பதட்டப்பட மாட்டாரு, அதுவே ஷர்லிக்குப் பாதி எரிச்சல். "சரி விடு. நீ சொல்லிக் குடுத்ததை அது நல்லாச் சொல்லிருச்சு. வாத்தியாருக்கு வேற என்ன வேணும்?"

"அது பாடம் இல்லைங்க. எங்கம்மா!"

"ஒங்கம்மா கதையை நீ முந்நூறு பேருக்குச் சொல்லியிருக்க. அதுக்குப் பட்டாவா வாங்கி வச்சிருக்க?"

அன்னைக்கு முழுக்க அவருகிட்ட அவ பேசல.

இந்த நேரம் பாத்துத்தான் சிறுதொழில் சங்கத் தலைவரு பெரியண்ணன் போன் பண்ணாரு. புதுக்கோட்டையில ஒரு பெரிய கல்யாண மண்டபத்துல தொழில் முனைவோர் விழா. இந்த வருஷம் முதல் பரிசு சந்தனமேரிக்கு. "ஒங்க ஸ்டூடண்டுதானேம்மா. பரிசு குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே ஏறி மூணு நிமிஷம் அறிமுகம் பண்ணிருங்க."

அழைப்பிதழ் வந்துச்சு. சந்தனமேரி போட்டோ உள்ளங்கை அகலத்துக்கு. ஷர்லி பேரைத் தேடணும். தேடுனா, கடைசியில, ஒலி ஒளி அமைப்புக்காரன் பேருக்கு ஒரு வரி மேல இருந்துச்சு. 'அறிமுகவுரை: திருமதி ஷர்லி பிராங்க்ளின்.' அவ அந்தக் கார்டை மேசை மேல வச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தா. அப்பவே முடிவு பண்ணிட்டா.

மூணு நிமிஷம் தானே? போதும். அறுநூறு பேருக்கு முன்னாடி மைக்கு அவ கையில இருக்கும். 'இந்த வாசகத்தைச் சொன்னது என் தாயார் ஆரோக்கியம்மாள். சந்தனமேரி அதை என் வகுப்பில் கேட்டுத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டார்.' ரெண்டே வரி. நல்ல தமிழ்ல, கோவமே தெரியாம எழுதுனா. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தா. எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எடத்துல சந்தனமேரியத் திரும்பிப் பாக்கணும், எல்லாம் குறிச்சு வச்சா. அந்த ரெண்டு வரிக்கப்புறம் சந்தனமேரி கருவாட்டை எவன் வாங்குவான்? வாசகத்தை வச்சுத்தான யாவாரமே ஓடுது. அது தெரிஞ்சுதான் எழுதுனா. எழுதும்போது நெஞ்சு குளுகுளுன்னு இருந்துச்சு.

பிராங்க்ளின் அந்தத் தாளைப் படிச்சுட்டு, "வேண்டாம் ஷர்லி. அது பொழப்புல மண்ணு விழுந்துரும்"னாரு.

"விழட்டும்."

விழா அன்னைக்கு வந்தவங்களை உக்கார வைக்க மண்டபத்துல மணமகள் அறையைத் தொறந்து விட்டிருந்தாங்க. பெரிய கண்ணாடி, அதுல எந்தெந்தக் கல்யாணத்துப் பொண்ணோ ஒட்டிட்டுப் போன ஒட்டுப்பொட்டு வரிசையா இருந்துச்சு. ஷர்லி உள்ள போனப்ப சந்தனமேரி மட்டும்தான், நாற்காலி நுனியில உக்காந்து டம்ளரைப் புடிச்சுக்கிட்டு இருந்தா. புதுச் சேலை, மடிப்புக் கூடக் கலையல.

"வாங்க டீச்சர், வாங்க. அத்தனை கூட்டத்தைப் பாத்துட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். நீங்க வந்துட்டீங்கல்ல, இனிமே பயமில்ல."

ஷர்லி உக்காரல. தாள் கைப்பைக்குள்ள இருந்துச்சு. மேடையிலதான் சொல்லணும்னு நெனைச்சவதான், ஆனா அந்தச் சிரிப்பைப் பாத்ததும் அடக்க முடியல. "அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த பஸ் கதை யாரோடது?"

சந்தனமேரி டம்ளரைக் கீழ வச்சா. "என்னைக்காவது கேப்பீங்கன்னு தெரியும்."

"நான் மேடையில சொல்லப் போறேன். எங்கம்மா சொன்னது, நீங்க எங்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டீங்கன்னு."

"சொல்லிக்கங்க டீச்சர். நான் மறுத்துப் பேச மாட்டேன்."

சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி இப்படி இருந்தா எப்படி இருக்கும்? ஷர்லிக்கு இன்னும் ஏறிருச்சு. "எப்படிப் பேசுவீங்க? திருட்டுக்கு என்ன பதில் இருக்கு?"

அந்த வார்த்தையில சந்தனமேரி மொகம் மாறிருச்சு. எட்டு மாசத்துல ஷர்லி பாக்காத மொகம் அது. "டீச்சர், வேற எது வேணா சொல்லுங்க. அந்தச் சொல்லு மட்டும் வேண்டாம்." நாற்காலியை விட்டு எந்திரிச்சா. "அன்னைக்கு அந்த பஸ்ஸுல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

ஷர்லி நிமிந்து அவளைப் பாத்தா. பஸ்ஸுல தானும் இருந்தோம்னு அவ எந்த வகுப்புலயும் சொன்னதே இல்ல.

"நான் சொல்லவா? டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, சன்னல் பக்கம். ரெட்டச் சடை, கருப்பு ரிப்பன். ஹாஸ்டல்ல இருந்து படிச்சீங்க. திங்கக்கெழமை திங்கக்கெழமை அந்த பஸ்ஸுலதான் போவீங்க. எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? ரெண்டு ஸ்டாப்பு தள்ளி நான் ஏறுவேன் டீச்சர், என் கூடையோட. கடைசி சீட்டுலேர்ந்து பாத்தா ஒங்க சடை ரெண்டும்தான் தெரியும். ரெண்டு வருஷம் நானும் ஆரோக்கியம் அக்காவும் அதைத்தான் பாத்துக்கிட்டு வந்தோம்."

வெளிய மைக்குல யாரோ "ஹலோ, ஹலோ, செக்"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

"அந்த வெள்ளச் சட்டைக்காரரு கத்துனப்ப ஒங்க அம்மா வாயே தொறக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்துருச்சு. எனக்கு அப்ப இருபத்தேழு வயசு, பொறுக்கல. சொன்னது நான்தான். சொல்லி முடிக்கல, அக்கா என் இடுப்புல வச்சுக் கிள்ளுச்சு. 'வாய மூடுடி, முன்னாடி எம் மக இருக்கா. எல்லாரும் இங்கிட்டுத் திரும்பிப் பாத்தா அவளுக்குச் சங்கடம்'னுச்சு. மூணு நாளைக்கு அந்த எடம் கன்னிப்போயிக் கெடந்துச்சு எனக்கு."

பொய்யின்னு ஷர்லியால கத்த முடியல. ஏன்னா அவளுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. பஸ்ஸு சிரிச்சுச்சு. பக்கத்துல இருந்த ஹாஸ்டல் பொண்ணு திரும்பிப் பாத்துட்டு, "கருவாட்டுக்காரி போட்டா பாருடி ஒரு போடு"ன்னு அந்த வாசகத்தை அப்படியே சொல்லிச் சிரிச்சா. ஷர்லியும் கூடச் சிரிச்சா. திரும்பிப் பாக்கல. பாத்தா யாராச்சும் கண்டுபுடிச்சுருவாங்களோன்னு பயம். அம்மாவாத்தான் இருக்கும்னு அவளே வச்சுக்கிட்டா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா, நானும் அந்த பஸ்ஸுல இருந்தேன், எனக்கும் காதுல விழுந்துச்சுன்னு ஒத்துக்கணும். அதனால கேக்கவே இல்ல. இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு, அம்மா இல்லாத வீட்டுல, அதையே கதையாக்கிட்டா.

"ஒங்க வகுப்பு நோட்டீசுல ஒங்க போட்டோ பாத்தேன். அக்கா மொகம் அப்படியே. அதான் வகுப்புக்கு வந்தேன், பேசிப் பழகலாம்னு. ஆனா மொத நாளே நீங்க அந்தக் கதையை எடுத்து விட்டுட்டீங்க, எல்லாரும் கை தட்டிட்டாங்க. நான் எந்திரிச்சு, அது அவுக இல்ல, நாந்தேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அக்கா பேருலயே போகட்டும்னு விட்டுட்டேன். அந்த வீடியோக்காரப் பய வாயைக் கிண்டுனான், நெசம் வந்துருச்சு. அவ்வளவுதான். அக்கா பேரையோ ஒங்க பேரையோ எங்கயும் இழுக்கக் கூடாதுன்னு இருந்தேன். இழுத்தா, முன் சீட்டுல இருந்தது யாருன்னு கேப்பாங்கல்ல?"

வகுப்புல சந்தனமேரி கேட்ட கேள்வி ஷர்லிக்கு இப்பத்தான் வெளங்குச்சு. அந்த மூணாவது நிமிஷம் எங்கன்னு கேட்டாளே, கிண்டலுக்குக் கேக்கல.

வெக்கம் வந்திருக்கணும். வந்துச்சு. ஆனா மாதாவே, அதுக்கு மேல வந்துச்சு பொறாமை! வீடியோ, பாக்கெட்டு, பரிசு எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. 'எம் மக'ன்னு அம்மா சொன்னது இவ காதுல விழுந்திருக்கு. அம்மா கிள்ளுனது இவ இடுப்புல. ஷர்லியை அம்மா ஒரு நாளும் கிள்ளுனது கிடையாது, திட்டுனது கூடக் கிடையாது. பெரிய வீட்டுப் பிள்ளைகிட்ட பேசுற மாதிரி அளந்து அளந்து ரெண்டு வார்த்தைதான் பேசுவா. சிரிச்சு, அதட்டி, உரிமையாப் பேசுன ஆரோக்கியம்மாள் ஒருத்தி இருந்திருக்கா. அவ முழுக்க அந்தக் கடைசி சீட்டுக்குப் போயிட்டா.

"அடுத்து, அறிமுகவுரை"ன்னு பெரியண்ணன் குரல் கேட்டுச்சு.

மேடையில ஏறுனா. தாளை விரிச்சா. அறுநூறு பேரு, முன்வரிசையில பிராங்க்ளின், நாலாவது வரிசையில நாகராசும் செங்கமலமும். அந்த ரெண்டு வரியை அவ ஒரு தடவை பாத்தா. தாளை மடிச்சு மைக்குக்குப் பின்னாடி வச்சுட்டா.

"சந்தனமேரி கருவாடு போடுறாங்க. நல்ல கருவாடு. இது மொத நிமிஷம்." யாரோ சிரிச்சாங்க. "ஒரு நாள் அறந்தாங்கி பஸ்ஸுல ஒருத்தரு அவங்களை அசிங்கமாப் பேசுனாரு. அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னது அவங்கதான். எங்கம்மா சொன்னதா நான் ஆறு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். எங்கிட்டப் படிச்சவங்க இங்க இருக்கீங்க, அதைத் திருத்திக்கங்க."

நாகராசு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

"அந்த பஸ்ஸுல எங்கம்மாவும் இருந்தாங்க, கூடையோட. அவங்க வாயைத் தொறக்கல, ஏன்னா முன் சீட்டுல நான் இருந்தேன். ஒரே வீட்டுலேர்ந்து கெளம்புவோம், ஒரே ஸ்டாப்புல நிப்போம். பஸ் வந்ததும் அவங்க பின் வாசல்ல ஏறுவாங்க, நான் முன் வாசல்ல ஏறுவேன். அறந்தாங்கி வரைக்கும் அவங்க யாரோ, நான் யாரோ. ரெண்டு வருஷம் ஒரு தடவை கூட நான் திரும்பிப் பாத்ததில்ல. கருவாட்டுக்காரி மகள்னு சொல்லிக்க வெக்கப்பட்டேன். நான் வெக்கப்பட்டது எங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." சந்தனமேரியத் திரும்பிப் பாத்தா. "இது மூணாவது நிமிஷம்."

அப்புறம் கை தட்டுனாங்க பாருங்க, அப்படி ஒரு கை தட்டை அவ தன் பேருக்கு வாங்குனதே இல்ல. எத்தனை நாளா ஏங்குனது அது! இன்னைக்குக் கெடைச்சும் அவளுக்கு இனிக்கல. கீழ எறங்கி வந்தா.

பரிசெல்லாம் குடுத்து, பொன்னாடையெல்லாம் போத்தி முடிஞ்சதும் ரெண்டு பேரும் மறுபடி அந்த அறைக்கு வந்தாங்க. சந்தனமேரி கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "மூணு நிமிஷம்னீங்க, நாலரை ஆயிருச்சு டீச்சர்"னா.

ஷர்லிக்குச் சிரிப்பு வந்துச்சு. "அந்த வாசகம் ஒங்களோடது, வச்சுக்கங்கக்கா. எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்பு இருக்கு. அங்கதான் அம்மாவுக்கு மொதப் போணி. அதை வச்சு வேற கதை பண்ணிக்கிறேன்."

சந்தனமேரி பொன்னாடையை மடிச்சா. மடிச்சதையே மறுபடி பிரிச்சு மடிச்சா.

"என்னக்கா?"

"அந்த ஸ்டாப்புல அக்காவுக்கு ஒரு யாவாரமும் கெடையாது டீச்சர். அடுத்த ஸ்டாப்பு ஒங்க பள்ளிக்கூடம். நீங்க எறங்குற எடத்துல கூடையோட எறங்கக் கூடாதுன்னு முன்னாடியே எறங்கிரும். எறங்கி, கூடையோட ஒரு மைலு நடந்து சந்தைக்கு வரும். என்னையும் சேத்து எறக்கிரும். எனக்குக் கால் வலிக்குதுக்கான்னு திட்டிக்கிட்டே நடப்பேன்."

ஷர்லி நாற்காலியில உக்காந்தா. கண்ணாடியில வரிசையா அந்தப் பொட்டெல்லாம் தெரிஞ்சுச்சு, அதுக்கு நடுவுல அம்மா மொகம் மாதிரியே இருக்கிற தன் மொகமும் தெரிஞ்சுச்சு. ஒரு மைலு. ரெண்டு வருஷம். அந்த நடையில அம்மா என்னென்ன பேசியிருப்பா? அத்தனையும் இந்தப் பொம்பளைகிட்ட இருக்கு.

"நடக்குறப்ப என்ன பேசும் எங்கம்மா?"

"அது நெறையக் கெடக்கு டீச்சர். ஒங்களைப் பத்தித்தான் பாதி. எதைன்னு சொல்ல?"

ஷர்லி அவளைப் பாத்தா. வயிறு எரியத்தான் செஞ்சுச்சு, கொஞ்சம் கூட அடங்கல. பக்கத்து நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டா.

"மொத நாளுலேர்ந்து சொல்லுங்கக்கா. ஒண்ணு விடாம."